'கன்னா' தப்பா, 'தே' தப்பா: மாறும் ஆங்கிலம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இலக்கணம் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் படித்தீர்கள். இப்போது தொடர்களிலும் அலுவலகச் செய்திகளிலும் 'கன்னா', 'எயின்ட்' என்று வருகிறது. 'யாரை' என்று பொருள்படும் 'ஹூம்' போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு ஆளைக் குறிக்க, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்கிறார்கள். 'சொன்னது சொன்னபடியே, மிகையில்லாமல்' என்று பொருள்படும் 'லிட்டரலி' என்ற சொல்லுக்கு நேர் எதிரான பொருளை அகராதியே கொடுக்கிறது. "ஆங்கிலம் கெட்டுப்போகிறதா, இல்லை நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவனா? எதைத்தான் பின்பற்றுவது?" என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பாடுபட்டுக் கற்ற ஒன்றை, கற்காமலேயே ஒருவர் மீறிவிட்டு எந்தத் தண்டனையும் இல்லாமல் போகிறாரே என்ற வருத்தம் அது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெற்றவர்களைவிட, அதைப் படித்து அடைந்தவர்களுக்கே இந்த வருத்தம் அதிகம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தும், பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் இந்த வருத்தத்தை நான் நன்றாக அறிவேன். எனக்கும் அது இருந்தது.

நீங்கள் ஒரே மூட்டையில் கட்டியிருக்கும் பொருள்கள் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்துப் பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. நம் நன்னூலே கருவியைக் கையில் கொடுத்திருக்கிறது. வழக்கை ஆறாகப் பிரிக்கும் இடத்தில் பவணந்தி முனிவர் இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்று மூன்றை இயல்பு வழக்கில் வைக்கிறார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றைத் தகுதி வழக்கில் வைக்கிறார். சிதைந்து வழங்கும் சொல்லையும், ஒரு கூட்டம் தனக்குள் பேசும் சொல்லையும் அவர் குப்பையில் போடவில்லை. இலக்கணத்துக்குள்ளேயே பெயர் சூட்டி உட்கார வைத்திருக்கிறார். ஆங்கிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

'கன்னா' ஒரு மரூஉ. அருமருந்தன்ன பிள்ளை 'அருமந்த பிள்ளை' ஆனதும், மலையமானாடு 'மலாடு' ஆனதும் எப்படியோ, 'கோயிங் டு' என்பது 'கன்னா' ஆனதும் அப்படியே. 'குட்பை' என்று நாம் மரியாதையாகச் சொல்லும் சொல்லே 'காட் பி வித் யீ', அதாவது கடவுள் உம்மோடு இருக்கட்டும் என்ற முழு வாக்கியத்தின் மரூஉதான். 'கன்னா' என்பதைச் சோம்பேறிப் பேச்சு என்பார்கள். அதற்குள் ஒரு கறாரான விதி இருக்கிறது. போகும் செயலைச் சொல்லும் 'கோயிங் டு' வேறு, எதிர்காலத்தைச் சொல்லும் 'கோயிங் டு' வேறு. 'ஐம் கோயிங் டு ஸ்லீப்' என்பதை 'ஐம் கன்னா ஸ்லீப்' என்று சொல்லலாம். 'ஐம் கோயிங் டு லண்டன்' என்பதை 'ஐம் கன்னா லண்டன்' என்று ஆங்கிலம் பேசும் எந்தக் குழந்தையும் சொல்லாது. யாரும் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோம்பல் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்காது.

'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று சிலர் சொல்வது இன்னும் சுவையான கதை. கேட்டவுடனே "படிக்காதவர் பேச்சு" என்று முத்திரை குத்தப்படும் உச்சரிப்பு இது. நம் இலக்கணத்தில் 'தசை' என்பது 'சதை' என்று எழுத்து இடம் மாறுவதை இலக்கணப்போலி என்கிறோமே, இங்கேயும் அதே இடமாற்றம்தான். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களும் இருந்தன. 1535இல் வந்த கவர்டேலின் பைபிள், ஆங்கிலத்தில் முழுமையாக அச்சான முதல் பைபிள். அதில் "கேளுங்கள், கொடுக்கப்படும்" என்ற வசனத்தில் இருப்பது 'ஆக்ஸ்' வடிவம்தான். வேதப் புத்தகத்தில் இருந்த வடிவம் பிறகு பேச்சில் இறக்கம் கண்டது. இன்று யாரும் குறை சொல்லாத 'பேர்ட்' என்ற சொல்லோ முன்பு 'ப்ரிட்' என்று இருந்து இதே போல எழுத்து இடம் மாறி வந்தது. ஒரே வகை மாற்றம் ஒரு சொல்லுக்குக் கௌரவமாகவும் இன்னொரு சொல்லுக்கு இழிவாகவும் முடிந்திருக்கிறது. இதற்கான காரணத்தை மொழிக்குள் தேடினால் கிடைக்காது. அந்தச் சொல் யார் வாயில் மிஞ்சியது என்று பார்த்தால் கிடைக்கும்.

சரி, அசல் ஸ்லாங்குக்கு வருவோம். இது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றார்கள் என்று உரைகள் எடுத்துக்காட்டும். ஒரு கூட்டம் தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டவும், தனக்குள் நெருக்கம் வளர்க்கவும், சில நேரம் பிறருக்குப் புரியாமல் இருக்கவும் உண்டாக்கிக்கொள்ளும் சொற்கள் இவை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் பேசும் ஸ்லாங் உங்களுக்குப் புரியவில்லை என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். பெற்றோரும் ஆசிரியரும் ஒரு சொல்லைக் கையில் எடுத்த மறுநாள் பிள்ளைகள் அதைக் கைவிடுவதும் இதனால்தான். அதனால்தான் பெரும்பாலான ஸ்லாங் சீக்கிரம் செத்துவிடுகிறது. 2014இல் 'கச்சிதமாக இருக்கிறது' என்ற பொருளில் இணையமெங்கும் பரவிய 'ஆன் ஃப்ளீக்' என்பதை இன்று ஒருவர் சொன்னால் அவர் வயது தெரிந்துவிடும். அதே நேரம் ஜாஸ் இசைக் கலைஞர்கள் வழியாகப் பரவிய 'கூல்' பல தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

எது நிற்கும், எது போகும் என்று முன்கூட்டியே சொன்ன ஆள் இதுவரை இல்லை. பெரிய ஆட்களே தோற்றிருக்கிறார்கள். எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதிய கட்டுரையில் சொற்களை நறுக்கிப் பேசும் புதுப் பழக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். 'மொபிலே வல்கஸ்' என்ற லத்தீன் தொடரை வெட்டி, கும்பலை 'மாப்' என்று சொல்வது அவருக்குப் பொறுக்கவில்லை. 'பாசிட்டிவ்' என்பதைப் 'பாஸ்' என்று வெட்டுவதும் பொறுக்கவில்லை. கிண்டலைக் குறிக்கும் 'பான்ட்டர்', ஏமாற்றுவதைக் குறிக்கும் 'பாம்பூசில்' ஆகிய சொற்களையும் சாடினார். 1712இல், ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த அறிஞர் அவை ஒன்று வேண்டும் என்று தனி நூலே வெளியிட்டார். நடந்தது என்ன? 'பாஸ்' மறைந்தது. 'மாப்', 'பான்ட்டர்', 'பாம்பூசில்' மூன்றும் இன்று சாதாரணச் சொற்கள். அந்த அவையும் அமையவில்லை. பிரெஞ்சுக்கு 1635 முதல் ஓர் அகாதமி உண்டு. ஆங்கிலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் "ஆங்கிலத்தில் இது சரி என்று யார் முடிவு செய்தார்கள்?" என்று கேட்டால், கையெழுத்துப் போட்ட ஆள் என்று யாரையும் காட்ட முடியாது.

இதே வரிசையில் இன்னும் பலர் உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1789இல் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' போன்ற சொற்களை வினைச்சொல்லாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1832இல் 'டேலன்ட்டட்' என்ற சொல்லைக் காட்டுமிராண்டித்தனமான சொல் என்றார். நாம் இந்தச் சொற்களைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. மொழியை நேசித்தவர்கள். தங்கள் இளமையில் பழகிய வடிவத்தைத்தான் மொழி என்று நம்பினார்கள். சாமுவேல் ஜான்சன் மட்டும் வேறு பாதையில் வந்தார். மொழியை நிலைநிறுத்தலாம் என்ற நம்பிக்கையோடு அகராதி வேலையைத் தொடங்கி, 1755இல் அது வெளிவந்தபோது முன்னுரையில், ஒலிகளுக்குச் சங்கிலி போடுவதும் காற்றைச் சாட்டையால் அடிப்பதும் ஒரே அகந்தையின் வேலை என்ற பொருளில் எழுதினார். ஆண்டுக்கணக்காகச் சொற்களோடு உட்கார்ந்த பிறகு வந்த முடிவு அது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தது, நாம் மனப்பாடம் செய்த விதிகள். இவற்றில் சில உண்மையான ஆங்கில இலக்கணம், சில தனி மனிதர்களின் ரசனை. வாக்கியத்தை 'டு', 'வித்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1672இல் கவிஞர் டிரைடன், அவருக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் நாடக வரிகளில் இதைக் குறையாகச் சுட்டிக்காட்டினார். பிறகு தன் சொந்த உரைநடையையும் அப்படியே திருத்தினார். 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணம், இது பேச்சிலும் எளிய நடையிலும் இயல்பு, உயர்ந்த நடையில் தவிர்ப்பது நல்லது என்றுதான் சொன்னது. பின்வந்த பள்ளிப் புத்தகங்கள் அந்த 'நல்லது' என்பதைப் 'பாவம்' ஆக்கிவிட்டன. நான் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு மாணவியின் கட்டுரையில் இப்படி முடிந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண் குறைத்தேன். அடுத்த வாரம் அவர் எங்கள் பாடநூலையே கொண்டுவந்து, அதில் அதேபோல முடியும் மூன்று வாக்கியங்களைக் காட்டி, "இவங்களுக்கு மட்டும் எப்படி சார் சரி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். நான் கற்பித்த விதிகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அன்றுதான். அந்த மாணவிக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

'எயின்ட்' கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதன்மேல் மிகவும் கோபமாக இருக்கிறீர்கள். 'ஐ ஆம் நாட்' என்பதைச் சுருக்கிக் கேள்வியாக்க ஆங்கிலத்தின் பொது வழக்கில் இயல்பான வடிவம் இல்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ஆம்ன்ட் ஐ' உண்டு. மற்ற இடங்களில் 'ஆர்ன்ட் ஐ' என்கிறோம். பிரித்துப் பாருங்கள்: 'ஐ ஆர் நாட்'. எந்தத் தேர்விலும் தவறு என்று அடிக்கப்படும் வாக்கியம். ஆனால் 'ஆர்ன்ட் ஐ' சரி. அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்த வடிவங்களில் ஒன்றுதான் 'எயின்ட்'. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினரே அதைப் பேசினார்கள். பிறகு 'ஈஸ் நாட்', 'ஹேவ் நாட்' என எல்லாவற்றுக்கும் அது பரவியபோது பள்ளிகள் அதன்மேல் போர் தொடுத்தன. 1961இல் பிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டரின் மூன்றாம் பேரகராதி, படித்தவர்கள் பலரும் அதைப் பேச்சில் பயன்படுத்துவதைப் பதிவு செய்ததற்காக அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த அகராதியைக் கிழித்துத் தொங்கவிட்டன. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான், எழுத்தாளர்கள் அடங்கிய குழுவின் தீர்ப்புகளோடு அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அகராதி 1969இல் வந்தது. அகராதி பதிவேடா, சட்டப்புத்தகமா என்ற சண்டை இது. என்னைக் கேட்டால் பதிவேடு. ஆனால் நல்ல பதிவேடு, "இந்தச் சொல்லைச் சொன்னால் கேட்பவர் முகம் சுளிக்கலாம்" என்பதையும் பதிய வேண்டும். அந்த எச்சரிக்கையும் மொழி பற்றிய ஒரு தகவல்தான். இன்று 'எயின்ட்' வரும் வாக்கியத்தை வேலை விண்ணப்பத்தில் எழுதினால் உங்களுக்கு நட்டம். அதில் சந்தேகமே இல்லை.

'லிட்டரலி'யைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மிகைப்படுத்திச் சொல்ல அதைப் பயன்படுத்துவது 1769ஆம் ஆண்டு நாவலிலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் அந்தப் பொருளையும் சேர்த்தது, 2013இல் செய்தித்தாள்கள் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டன. 'வெரி' என்ற சொல்லும் முதலில் 'உண்மையான' என்றுதான் பொருள்பட்டது. 'டெரிஃபிக்' பயமூட்டுவதாக இருந்து பாராட்டாக மாறியது. நாமும் "பயங்கரமாகச் சிரித்தோம்" என்கிறோம், யாரும் பயப்படுவதில்லை. அழுத்தம் கொடுக்கும் சொற்கள் எல்லா மொழியிலும் இப்படித் தேய்கின்றன. எனக்கு 'லிட்டரலி'யின் பழைய பொருள் பிடிக்கும். திருத்தும்போது குழப்பம் தரும் இடத்தில் அதை நீக்கிவிடுவேன். அது என் ரசனை. விதி என்று யார்மீதும் சுமத்த மாட்டேன்.

ஒருவரைக் குறிக்கும் 'தே' வேறு. இதில் தமிழர் அதிர்ச்சி அடைவதுதான் எனக்கு ஆச்சரியம். 'அவர்' என்பது இலக்கணப்படி பலர்பால். 'வந்தார்' என்பதும் பலர்பால் வினைமுற்று. பன்மையை எடுத்து ஒருவருக்கு மரியாதையாகக் கொடுத்தோம். ஆணா பெண்ணா என்று சொல்லாமலேயே ஒருவரைப் பற்றிப் பேச அது உதவியது. பிறகு உண்மையான பன்மைக்கு 'அவர்கள்' என்று புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'தே' செய்வது இதைத்தான். யாரென்று தெரியாத ஒருவரைக் குறிக்க அது பதினான்காம் நூற்றாண்டிலிருந்து வருகிறது, ஷேக்ஸ்பியரிலும் ஜேன் ஆஸ்டினிலும் உண்டு. தன்னை 'ஹி', 'ஷி' என்று சொல்ல விரும்பாத, பெயர் தெரிந்த ஒருவருக்கு அதைப் பயன்படுத்துவதுதான் புதிது. மெரியம் வெப்ஸ்டர் 2019இல் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடும் அதை ஏற்றது. 'யூ' என்பதும் ஒரு காலத்தில் பன்மை மட்டும்தான். ஒருவருக்கு 'தௌ'. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், ஒருவரை 'யூ' என்பது இலக்கணப் பிழை, முகத்துதி என்று சொல்லி எல்லோரையும் 'தௌ' என்றே அழைத்து அடி வாங்கினார்கள். 1660இல் அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் நண்பர்களும், ஒருமை எது பன்மை எது என்று ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் ஒரு நூலை வெளியிட்டார்கள். இன்று அவர்கள் தோற்ற சண்டையின் நடுவில் நின்றுகொண்டு நாம் 'யூ ஆர்' என்று ஒருவரிடம் கூசாமல் சொல்கிறோம்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. உங்கள் பட்டியலில் 'ஹி பி வொர்க்கிங்' என்ற வாக்கியத்தையும் "இலக்கணமே இல்லாத ஸ்லாங்" என்று சேர்த்திருந்தீர்கள். அது ஸ்லாங்கே இல்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர் பலர் பேசும் கிளைமொழியின் இலக்கணம். அங்கே 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறார். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலை செய்பவர். நாம் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதையும், 'தினமும் வருவான்' என்பதையும் பிரிப்பது போன்ற பிரிவு அது. ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ஒரு படம் காட்டினார். தொலைக்காட்சிப் பொம்மைகளில் எல்மோ பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. பிஸ்கட் தின்பதற்கே பேர்போன குக்கி மான்ஸ்டர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறது. 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?' என்று கேட்டதற்கு, இந்தக் கிளைமொழி பேசும் பிள்ளைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். மற்ற பிள்ளைகள் எல்மோவைக் காட்டினார்கள். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் இங்கே இலக்கணம் தெரியவில்லை.

இது வேடிக்கைக் கதையாக முடிவதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பிலடெல்பியா நீதிமன்றங்களில் சாட்சியங்களை எழுத்தில் பதிவு செய்பவர்களுக்கு இந்தக் கிளைமொழியின் ஒலிப்பதிவுகளைக் கொடுத்தார்கள். 95 விழுக்காடு துல்லியம் இருக்க வேண்டும் என்று சான்று பெற்றவர்கள் அவர்கள். அந்த அளவுக்கு மிகக் கீழே விழுந்தார்கள். யார் செய்தார், என்ன செய்தார், எப்போது செய்தார் என்பதே பல பதிவுகளில் மாறிப்போயிருந்தது. ஒரு சாட்சியின் சொல் அங்கே ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அல்லது விடுவிக்கும். "அவர்கள் பேச்சுக்கு இலக்கணம் இல்லை" என்ற மனப்பான்மை எங்கே போய் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வேதனையும் உண்டு. இதே மக்களின் வாயிலிருந்து வந்த சொற்கள் விளம்பரங்களில் ஏறினால் அவை நாகரிகம், அவர்கள் வாயிலேயே இருந்தால் அவை கொச்சை. 'வோக்' என்ற சொல் அநீதியைக் கண் திறந்து பார்ப்பது என்ற பொருளில் கறுப்பின மக்களிடம் பல பத்தாண்டுகள் இருந்தது. 2017இல் அந்தப் பொருளோடு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அரசியல் வசைச் சொல்லாக்கப்பட்டது.

நம் காதுக்கு மோசமாகக் கேட்பது உண்மையிலேயே ஒலியின் குற்றமா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. 'கார்', 'ஃபோர்த்' போன்ற சொற்களில் வரும் 'ர்' ஒலியைப் பாருங்கள். 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருப்பதாகத் தெரிந்த பொருள் எங்கே என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, காது கேட்காதது போல் மறுபடியும் கேட்டார். பணக்காரர்கள் வரும் கடையில் 'ர்' அதிகம் ஒலித்தது, மலிவு விலைக் கடையில் குறைவு. இரண்டாம் முறை கவனத்தோடு சொல்லும்போது 'ர்' கூடியது. அதாவது நியூயார்க்கில் 'ர்' உயர்வு, அதை விழுங்குவது தாழ்வு. இங்கிலாந்திலோ உயர்குடி உச்சரிப்பு என்று போற்றப்படுவது 'ர்' இல்லாத உச்சரிப்பு. அங்கே அதை அழுத்திச் சொன்னால் பட்டிக்காட்டான் என்பார்கள். ஒரே ஒலி கடலின் ஒரு கரையில் கிரீடம், மறு கரையில் இழுக்கு. ஒலியில் அழகோ அசிங்கமோ இருந்திருந்தால் இப்படி நடக்க வழியில்லை.

இதுவரை நான் சொன்னவற்றில் எது உறுதி, எது என் தீர்ப்பு என்று பிரித்துவிடுகிறேன். மொழி மாறுவதும், கிளைமொழிகளுக்கு முழு இலக்கணம் இருப்பதும், பேச்சை வைத்து ஆளை எடைபோடுவது நடப்பதும் உறுதி. மாற்றத்தால் ஆங்கிலம் நலிகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கைபேசிச் செய்திகளில் எழுதும் சொற்சுருக்கங்கள் பிள்ளைகளின் எழுத்தைக் கெடுக்கும் என்ற பயம் கூட நிற்கவில்லை. பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கங்களை அதிகம் பயன்படுத்திய 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, மேலே இருந்தார்கள். ஆனால் சுருக்கம் எழுதியதால் வாசிப்பு வளர்ந்தது என்று அதிலிருந்து சொல்லக்கூடாது. சொல்லோடு விளையாடத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருக்கலாம். இணையத்தால் ஆங்கிலம் முன்னெப்போதையும்விட வேகமாக மாறுகிறது என்பதையும் பாதிதான் ஏற்பேன். சொற்கள் வேகமாகப் பரவுகின்றன, வேகமாகச் சாகின்றன. இலக்கணம் அந்த வேகத்தில் நகரவில்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்து வாக்கியம் நமக்குத் தள்ளி நிற்கிறது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வாக்கியம் நிற்பதில்லை.

இணையம் கொண்டுவந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது முற்றுப்புள்ளியின் புது வாழ்வு. 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஒரே சொல்லில் வரும் பதிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தால் அது மனதார வந்த பதிலாகத் தோன்றவில்லை என்று அந்தச் செய்திகளைப் படித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கையால் எழுதிய சீட்டில் அந்த வேறுபாடு இல்லை. அதாவது இளையவர்கள் புள்ளி வைக்க மறந்துவிடவில்லை. செய்தியில் வரி முடிவதே வாக்கிய முடிவு என்பதால் மிச்சமான புள்ளிக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டார்கள். உங்கள் மேலாளருக்கு 'ஓகே' என்று எழுதி நீங்கள் வைத்த புள்ளியை அவர் கோபம் என்று படித்ததாக எழுதியிருந்தீர்களே, இதுதான் காரணம். உங்கள் பிழை இல்லை. அவருடைய விதி வேறு.

நன்னூலில் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்ற அடியை எல்லோரும் சொல்வோம். அடுத்த அடியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்: "வழுவல கால வகையினானே". வழு அல்ல என்கிறார். இலக்கணம் எழுதியவரே பிழையில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார், ஆனால் 'காலவகையினால்' என்ற நிபந்தனையோடு. ஒரு வழக்குக்குக் காலம் கனிந்துவிட்டதா என்று பார்த்துத்தான் எழுத்தில் ஏற்க வேண்டும் என்று நான் அதைப் படிக்கிறேன்.

அப்புறம், நீங்கள் என்ன செய்வது? காதை முழுக்கத் திறந்துவையுங்கள், பேனாவைக் கொஞ்சம் மெதுவாக நகர்த்துங்கள். 'கன்னா' பேச்சில் தாராளமாக வரட்டும். அதைத் தவிர்த்து ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்தால் பேச்சு விறைப்பாகிவிடும். அலுவல் கடிதத்திலும் தேர்விலும் 'கோயிங் டு' என்றே எழுதுங்கள். ஸ்லாங்கைப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இல்லாதபோது அவசரப்பட்டுப் பேச வேண்டாம். குழூஉக்குறியை வெளியாள் சொன்னால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இன்றைய பதின்வயதினர் பேச்சில் நானும் வெளியாள்தான். கேட்பேன், பொருள் விசாரிப்பேன், திருப்பிப் பேச மாட்டேன். கிளைமொழி பேசுபவரைத் திருத்தாதீர்கள், கேலிக்காக அதைப் போலச் செய்து காட்டவும் வேண்டாம். பொது வழக்கை நீங்கள் உழைத்துக் கற்றது வீண் இல்லை. லண்டனில் இருப்பவரும் லாகோஸில் இருப்பவரும் ஒரே ஒப்பந்தத்தை ஒரே பொருளில் படிக்க முடிவது அதனால்தான். அந்தப் பயன் பெரியது. அதற்காக அது மற்றவற்றைவிடத் தூய்மையானது என்று ஆகிவிடாது.

கடைசியாக 'ஹூம்'. அது இன்னும் சாகவில்லை, இடம் சுருங்கியிருக்கிறது. 'டு', 'வித்', 'ஃபார்' போன்ற சொல்லுக்கு நேரே பின்னால், எழுத்து நடையில், அதற்கு இன்னும் நாற்காலி இருக்கிறது. 'டு ஹூம்' என்று கடிதத்தில் எழுதுங்கள். நேரில் கேட்கும்போது 'ஹூ டிட் யூ மீட்?' என்றே கேளுங்கள். 'ஹூம் டிட் யூ மீட்?' என்று கேட்டாலும் தவறில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் யாரைச் சந்தித்தார் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் கேட்ட விதத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.